கொஞ்சம் ஆறட்டும்: விண்டோஸ் அப்டேட்டை எத்தனை நாள் தள்ளிப்போடலாம்?

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அக்கா மகன் போன் செய்தான். பத்து மணிக்கு அவனுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. கேமரா வேலை செய்யவில்லை என்று லேப்டாப்பை ஒருமுறை அணைத்துக் கிளப்பப் பார்த்திருக்கிறான்.

"மாமா, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. முப்பது பர்சென்ட்லயே நிக்குது. பவர் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிடட்டுமா?"

"தொடாதடா. இன்டர்வியூவோட சேர்த்து லேப்டாப்பும் போயிடும். 'ரீஸ்டார்ட்'னு மட்டும் இருந்ததை அமுக்கினியா, 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்'னு இருந்ததையா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டும் இருந்துச்சு மாமா. அவசரத்துல பாக்கல."

பக்கத்து அறை நண்பனின் போனை வாங்கி எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். இரவு மறுபடி கூப்பிட்டு, "இந்த அப்டேட்டையே மொத்தமா நிறுத்திப்போட வழி இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன் என்றேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 11 வைத்திருக்கும், கணினியின் உள்விவகாரம் அதிகம் தெரியாத எல்லோருக்கும் பொருந்தும்.

எதைத் தள்ளிப்போடுகிறோம்?

அப்டேட் என்கிற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. இணையத்திலிருந்து கோப்புகளை இறக்குவது முதல் வேலை. அவற்றைப் பிரித்து அதனதன் இடத்தில் வைப்பது இரண்டாவது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சில கோப்புகளை மாற்ற முடியாது, ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்ற முடியாதது மாதிரி. அதனால் கணினியை நிறுத்தித் திரும்பக் கிளப்பி மிச்சத்தை முடிப்பது மூன்றாவது.

முதலாவது நம் டேட்டாவைத் தின்னும். இரண்டாவது நடக்கும்போது ஃபேன் இரையும், எல்லாம் மெதுவாகும். மூன்றாவதுதான் நம் நேரத்தைப் பிடுங்கும். "அப்டேட் தொல்லை" என்று புலம்புகிறவர்களை உட்காரவைத்து விசாரித்தால், பத்தில் எட்டுப் பேருக்கு மூன்றாவதுதான் பிரச்சினையாக இருக்கும் என்பது என் கணிப்பு. என் மருமகனுக்கும் அதேதான். அப்டேட் வந்ததில் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது காலை ஒன்பதே முக்காலுக்கு நடந்ததுதான் நஷ்டம்.

அதற்கு அப்டேட்டைத் தொடவே வேண்டாம். செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'ஆக்டிவ் அவர்ஸ்'. நீங்கள் கணினியைப் பயன்படுத்தும் நேரம் இது என்று விண்டோஸுக்குச் சொல்லி வைக்கிற இடம். அந்த நேரத்துக்குள் அது தானாக ரீஸ்டார்ட் செய்யாது. வழக்கமாக விண்டோஸே உங்கள் பழக்கத்தைக் கவனித்து நேரத்தைக் கணித்துக்கொள்ளும். அதை 'மேனுவலி' என்று மாற்றி நீங்களே போடலாம். அதிகபட்சம் 18 மணி நேரம். காலை 7 முதல் நள்ளிரவு 1 வரை போட்டுவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ராத்திரி முழுக்க வீடியோ ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் நேரத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்டேட் இறங்கி ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருந்தால், ஸ்டார்ட் மெனுவில் பவர் குறியின் மேல் சின்னதாக ஒரு ஆரஞ்சுப் புள்ளி இருக்கும். அதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். புள்ளி இருந்தால் பவர் மெனுவில் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக இருக்கும்: அப்டேட்டோடு ஒன்று, அப்டேட் இல்லாமல் ஒன்று. அவசரத்தில் இருக்கிறவர் இரண்டாவதைத் தேடிப் பிடித்து அமுக்க வேண்டும். ஆக்டிவ் அவர்ஸ் விண்டோஸின் கையைத்தான் கட்டும், உங்கள் கையைக் கட்டாது.

டேட்டாதான் கவலை என்றால் அதற்கும் தனி வழி உண்டு. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள், அந்த வைஃபையின் 'பிராப்பர்டீஸ்' பக்கத்தில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். இது அளந்து காசு கொடுக்கும் இணைப்பு என்று விண்டோஸ் புரிந்துகொண்டு பெரிய கோப்புகளை இறக்காமல் இருக்கும். வீட்டு பிராட்பேண்டுக்கு வந்ததும் இறக்கிக்கொள்ளும். ஒரு நாள் டேட்டா முழுவதையும் ஒரே அப்டேட்டுக்குத் தாரை வார்த்த அனுபவம் எனக்கும் உண்டு. முழுக்க என் கவனக்குறைவு.

இவ்வளவுக்கும் பிறகு, அப்டேட்டையே சில நாள் தள்ளிப்போட வேண்டுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. என் பதில்: ஆம், ஒரு வாரம். ஏன் ஒரு வாரம் என்பதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

அவர்களுக்குச் செவ்வாய், நமக்குப் புதன்

2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மொத்தமாக வெளியிடுகிறது. தொழிலில் இருப்பவர்கள் இதை 'பேட்ச் டியூஸ்டே' என்பார்கள். அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்பது இந்தியாவில் இரவு பத்தரை. அவர்கள் கடிகாரத்தைக் குளிர்காலத்துக்கு மாற்றிவைத்திருக்கும் மாதங்களில் பதினொன்றரை. நாம் தூங்கப் போகும்போது புறப்பட்டு, புதன்கிழமை காலையில் நம் கணினியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொரு மாத அப்டேட்டுக்குள்ளும் முந்தைய மாதங்களின் திருத்தங்களும் சேர்ந்தே வரும். ஆகவே நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் இரண்டையும் தனித்தனியே போட வேண்டியதில்லை. மாதக் கடைசியில் 'பிரிவ்யூ' என்ற பெயரில் இன்னொன்று வரும். அடுத்த மாதத்துக்கான முன்னோட்டம் அது. விருப்பம் இருந்தால் போடலாம். விருப்பப்படாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில், 24எச்2, 25எச்2 என்று எண்ணோடு ஒரு பெரிய பதிப்பு வரும். வீட்டுக் கணினிகளில் வழக்கமாக இருக்கும் 'ஹோம்' பதிப்பில் ஒவ்வொன்றுக்கும் 24 மாத ஆதரவு உண்டு என்பதால் அதில் அவசரமே இல்லை.

சூடாகக் குடித்தால் நாக்கு வேகும்

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வெளியானது. அன்றைக்கே போட்டுக்கொண்ட சிலருக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த கோப்புகள் காணாமல் போயின. அந்த ஃபோல்டர்களை டி டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பழைய ஃபோல்டர் இனி தேவையில்லை என்று எண்ணிய நிரல், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் துடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்தான். ஆனாலும் மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விவரம் உண்டு. அந்த முதல் நாட்களில் அப்டேட் எல்லோருக்கும் தானாகப் போகவில்லை. செட்டிங்ஸுக்குப் போய் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பட்டனைத் தாங்களே அமுக்கியவர்களுக்குத்தான் போனது. ஆர்வமாக அமுக்கியவர்கள் அறியாமலே சோதனை எலிகளாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் விண்டோஸ் 11-இல் அதே பக்கத்தில் 'கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ் ஆஸ் சூன் ஆஸ் தே ஆர் அவைலபிள்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. முதல் பந்தியில் உட்கார விருப்பமா என்று கேட்கிற சுவிட்ச். அது ஆஃபில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, டிடிபி கடைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். 2021 மார்ச் 9 அப்டேட்டைப் போட்டபின், சில நிறுவனங்களின் பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்தாலே நீலத்திரை வந்து கணினி விழுந்தது. அவசரத் திருத்தம் 15ஆம் தேதி வந்தது. படங்கள் அச்சில் விடுபடுகிற மிச்சக் கோளாறுக்கு 18ஆம் தேதி இன்னொன்று வந்தது. ஒன்பது நாள் பொறுத்திருந்தவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் வைத்திருந்த சிலருக்கு 2024 ஆகஸ்ட் 13 அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் கிளம்பவே மறுத்தது. அந்தச் செய்தியும் ஒரு வாரத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

ஒரு கெட்ட அப்டேட்டின் சாயம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வெளுத்துவிடும். கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும்போது ஆய்வகத்தில் தெரியாதது தெரிந்துவிடுகிறது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி

அப்படியானால் மூன்று மாதம் பொறுத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் மறுபக்கம் இருக்கிறது.

தெருவில் இருபது வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் பூட்டை மாற்றினால், பழைய பூட்டில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். பழைய பூட்டையும் புதுப் பூட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்பதும் தெரியும். பாதுகாப்புத் திருத்தம் வெளியான நாளிலிருந்து, அதைப் போடாதவர் வீட்டுக்கு எந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். நாள் ஆக ஆக அப்டேட்டில் கோளாறு இருக்கும் பயம் குறையும், திருடன் வரும் பயம் கூடும்.

2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஒரு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. ஏப்ரல் 14 அன்று அந்த ஓட்டையில் நுழையும் கருவியே இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று வான்னாக்ரை என்ற நச்சுநிரல் அந்தக் கருவியைக் கொண்டு உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் கோப்புகள் பூட்டிக்கொண்டு, வந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. திருத்தம் வந்ததற்கும் தாக்குதலுக்கும் நடுவே 59 நாட்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டவர் தப்பித்தார். 35 நாள் தள்ளிப்போட்டவரும் ஏப்ரல் 18க்குள் போட்டுத் தப்பித்திருப்பார். அகப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் அப்டேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, அதை விண்டோஸ் அப்டேட்டின் வேலை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு பிழையான கோப்பு அது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைத்திருந்தாலும் அவை விழுந்திருக்கும்.

பாஸ் பட்டனும் அதில் உள்ள பொறியும்

விண்டோஸ் 10 வந்த 2015இல் ஹோம் பதிப்புக்காரர்களுக்குத் தள்ளிப்போடும் உரிமையே கிடையாது. 2019 மே மாதப் பதிப்பில்தான் கிடைத்தது. இப்போது விண்டோஸ் 11-இல் அப்டேட் பக்கத்திலேயே 'பாஸ் அப்டேட்ஸ்' (Pause updates, அதாவது தற்காலிகமாக நிறுத்திவை) என்று இருக்கிறது. பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் திறந்தால் ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை தேர்ந்தெடுக்கலாம். அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், காத்திருக்கும் அப்டேட்டைப் போட்ட பிறகுதான் மறுபடி பாஸ் செய்ய விடும்.

மருமகன் இதைத் தெரிந்துகொண்ட வேகத்தில், ஒரு மாதம் 1ஆம் தேதியே இரண்டு வார பாஸ் போட்டுவிட்டுப் படம் எடுத்து அனுப்பினான். "15ஆம் தேதி வரைக்கும் நிம்மதி மாமா."

"அந்த மாசம் இரண்டாவது செவ்வாய் என்னிக்குடா?"

காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தான். "பதினாலு."

அதாவது அவனுடைய பாஸ் முடிகிற 15ஆம் தேதி புதன்கிழமை, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய அப்டேட் அவன் கணினிக்கு வரும். இரண்டு வாரம் காத்திருந்தும் ஒரு நாள்கூட ஆறாதது. பாஸ் என்பது குழாயை மூடுவது மட்டும்தான். திறக்கும்போது தொட்டியில் என்ன இருக்கிறதோ அது வரும். எத்தனை வாரம் மூடினோம் என்பதைவிட எந்தத் தேதியில் திறக்கிறது என்பதே முக்கியம். இரண்டாவது செவ்வாய்க்கு ஒரு வாரத்துக்குப் பிந்தைய தேதியாக அது அமைய வேண்டும். அந்தச் செவ்வாயன்று பகலிலேயே ஒரு வார பாஸ் போட்டால் சரியாக அமையும். அவனை இன்னொரு வாரம் நீட்டி 22க்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

மாதாமாதம் காலண்டர் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு, ஆனால் ப்ரோ பதிப்பு வேண்டும். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபௌட்' பக்கத்தில் உங்களுடையது ஹோமா ப்ரோவா என்று இருக்கும். ப்ரோ என்றால் தேடும் பெட்டியில் 'ஜிபிஎடிட்' (gpedit) என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, விண்டோஸுக்கான விதிகளை மாற்றும் குரூப் பாலிசியைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று இறங்கிப் போக வேண்டும். அங்கே 'குவாலிட்டி அப்டேட்ஸ்' எப்போது வர வேண்டும் என்று கேட்கும் விதியில் 7 என்று போட்டுவிட்டால், ஒவ்வொரு மாத அப்டேட்டும் வெளியான நாளிலிருந்து ஏழு நாள் ஆனபிறகே வரும். அதிகபட்சம் 30 நாள். வருடாந்திரப் பெரிய பதிப்புக்கு 365 நாள் வரை போடலாம். முன்னதில் நாம் குழாயை மூடினோம்; இதில் ஒவ்வொரு குடத்துக்கும் வயது பார்க்கிறோம். ஹோம் பதிப்பிலும் இது இருந்தால் இந்தக் கட்டுரை பாதியில் முடிந்திருக்கும்.

யூடியூபில், பின்னணியில் ஓடும் நிரல்களின் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து விண்டோஸ் அப்டேட்டை 'டிசேபிள்' செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. செய்து பார்த்தவர்கள், சில நாளில் அது தானாக உயிர்பெற்றுவிட்டது என்பார்கள். அப்டேட் அமைப்பு கெட்டுப்போனால் பழுதுபார்க்க என்றே விண்டோஸுக்குள் இன்னொரு சர்வீஸ் இருக்கிறது. நீங்கள் நிறுத்தியதை அது பழுது என்று எடுத்துக்கொண்டு சரிசெய்துவிடுகிறது. அதையும் கொல்ல ஒரு மென்பொருள் என்று எங்கிருந்தோ இறக்கிப் போடுவது, நாய்க்குப் பயந்து வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பது.

ஒரே ஒரு சூழ்நிலையில் அந்த ஒரு வாரம்கூட வேண்டாம். சில மாதங்களில், இந்த ஓட்டையை ஏற்கெனவே ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று மைக்ரோசாஃப்டே அறிவிக்கும், இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் எச்சரிக்கை வெளியிடும், செய்திகளிலும் வரும். அந்த மாதம் 'ரெஸ்யூம் அப்டேட்ஸ்' அமுக்கி இரவே போட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்திருந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். பதிவு செய்யாதவர்களுக்குத் தள்ளிப்போட ஒன்றுமே வராது. மேக் வைத்திருப்பவர்கள் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான சுவிட்சை ஆனிலேயே விட்டுவையுங்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் போட்டாலும் எப்போதாவது ஒன்று சறுக்கலாம். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் கிளம்பும்போதே, டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் திறவுகோலைக் கேட்டுக்கொண்டு நின்றன. 48 இலக்க எண் அது. புது லேப்டாப்புகள் பலவற்றில், நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டுத்தான் வருகிறது. திறவுகோல் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் கணினியே திறக்காத நேரத்தில் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவுக்கு வருமா என்பது வேறு கேள்வி. மருமகனை அன்றைக்கே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதவைத்தேன். அக்கா அதை ரேஷன் கார்டும் வீட்டுவரி ரசீதும் இருக்கும் ஃபைலில் போட்டு, மேலே அவன் பெயரை எழுதி பீரோவில் வைத்திருக்கிறாள்.